சத்யப்ரியாவின் எச்சிலும் என் தொண்டையும்

அன்புள்ள மாப்ள பாண்டியராஜனுக்கு,

பழங்காநத்தத்திலிருந்து அத்தான் சின்னச்சாமி எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, உன் மருமகள் மூவரும் நலம். திருமங்கலத்தில் நீங்கள் எல்லோரும் சளி இருமல் இல்லாமல் இருக்க அழகர் துணை நிற்கட்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பாய். அதனால்தான் கடிதம்.

நம் பிள்ளை சத்யப்ரியா எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். போட்டியும் மதுரையிலேயே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் போட்டி நெருங்க நெருங்க அவளுக்குச் சளி விட்டபாடில்லை. ஊர்க்கண் என்று உன் அக்கா மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. "பாத்தீங்களா, எம்புட்டுக் கண்ணு!" என்று கலங்கிப்போனாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் மூவருக்குமே மூக்கடைப்பு, மாப்ள!

அந்தச் சமயத்தில்தான் தெரசா என்று ஓர் ஆராய்ச்சிப் பெண் மைதானத்துக்கு வந்து, ஓடுகிற பிள்ளைகளின் எச்சிலைக் குப்பியில் வாங்கிப் பரிசோதித்தது. தங்கமான பெண். அளவாகப் பயிற்சி செய்தால் உடம்புக்கு எதிர்ப்பு சக்தி கூடுமாம். ஓய்வே இல்லாமல் வருத்தினால் அது குறைந்து சளி சுலபமாகப் பிடித்துக்கொள்ளுமாம். "ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுக்குறாளா சார்?" என்று கேட்டது. கோச் லீவு விட்ட அந்த நாளில்தான் நான் அவளை எழுப்பி பைபாஸ் ரோட்டில் ஓடவிட்டு, பின்னாலேயே வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு போவேன். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மகள் சொல்லிவிட்டாள்.

அதோடு விட்டதா? மன அழுத்த ஹார்மோன் என்று ஒன்று எச்சிலிலேயே தெரியுமாம். நான் வேலியோரம் நின்று "கைய வீசு தாயி! விடாத!" என்று கத்துகிற நாட்களில் அது ஏறியிருக்கிறது. "ஓடுறதுனாலயும் ஏறும் சார். எதுக்கும் நீங்க கொஞ்ச நாள் வராம இருந்து பாப்போம்" என்றது தெரசா. சரியென்றேன். இப்போது ஞாயிறெல்லாம் பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள், சளியும் போய்விட்டது. மூக்கடைப்போடு ஓடியே மாவட்டத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்று நினைத்தால், பெற்ற பிள்ளையையே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆகவே போட்டியன்று நான் மதுரையிலேயே இருக்கப்போவதில்லை. உன் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். அவள் ஓடுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டிருக்கும் அத்தான்,
சின்னச்சாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தெரசா வந்தது. நான் மைதானத்துக்குப் போகாத நாட்களில் அந்த ஹார்மோன் முன்னைவிட ஏறியிருக்கிறதாம். ஏன் என்று மகளிடம் கேட்டேன். "நீங்க கத்துனா எங்கன நிக்கிறீங்கன்னு தெரியும்ப்பா. சத்தமே இல்லைன்னா ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சோன்னு பயமா இருக்கு" என்கிறாள். நான் திருமங்கலம் வரவில்லை. நீ இங்கே கிளம்பி வா. வேலியோரம் என் பக்கத்தில் நின்று, நான் அளவாகக் கத்துகிறேனா என்று பார்த்துக்கொள்.