வீங்கிய பேட்டரிக்கு ஒத்தடம்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் அடியில், திருமேனி என்றொரு கரடியார் குடியிருந்தார். மனைவி போய் ஆறு மழைக்காலம் ஆகியிருந்தது. வைத்தியம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் உடம்பிலேயே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டார். இடது காது மடங்கியது அப்படிக் கற்றதில்தான்.

மகள் பூவழகி மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நிறைமாதம். "பிறந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான் அப்பா" என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து கரடியார் குளிக்கப் போனால் போனும் கூடப் போனது. மற்ற நேரமெல்லாம் தலையணைக்கு அடியில் சார்ஜில் கிடந்தது. மணி அடித்தால் காதில் விழ வேண்டுமே.

ஒரு திங்கட்கிழமை காலை, போனின் முதுகு மூடி எழும்பி நின்றது. உள்ளே பேட்டரி, விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பியிருந்தது.

காட்டு அலுவலகத்தில் பழைய பேட்டரி வாங்க ஒரு ஜன்னல் உண்டு. வரிசையில் நின்று கரடியார் போனை நீட்டினார். ஜன்னலில் இருந்த ஆமையம்மாள் அதைப் பார்த்ததும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு பேசினாள்.

"ஐயா, இதை அமுக்காதீங்க, குத்தாதீங்க, சூடு காட்டாதீங்க. குப்பையிலயும் போட்டுடாதீங்க. இந்த மணல் வாளியில வச்சுட்டுப் படிவத்தை நிரப்புங்க. புதுசு வெள்ளிக்கிழமை வரும்."

"இன்னிக்குத் திங்கள்தானேம்மா?"

"திங்கள்தான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

நாலு நாள்! அதற்குள் பேரப்பிள்ளை பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிடும். கரடியார் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீடு வந்தார். வந்ததும் வாணலியில் கல்லுப்பைக் கொட்டி வறுத்தார்.

பக்கத்து வளை முயல் செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, உப்பு வறுக்கிறீங்க? யாருக்கு வீக்கம்?"

"போனுக்கு."

"ஐயோ, சூடு காட்டக் கூடாதுன்னு அந்த அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுதே!"

"அந்த அம்மா எத்தனை வீக்கம் பார்த்திருக்கும்? யானைக்கே முட்டி வீக்கம் இறக்கினவன் நான்."

"அந்த யானை இன்னும் நொண்டுதே அண்ணே."

"நொண்டுது. வீக்கம் இருக்கா?"

வறுத்த உப்பைத் துணியில் முடிந்து, போனை அப்படியே மெத்தை மேல் வைத்துப் பேட்டரிக்கு ஒத்தடம் கொடுத்தார். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"பார்த்தியா, காத்து இறங்குது!" என்றார் கரடியார்.

இறங்கியது காற்றல்ல, புகை. மூன்றாவது ஒத்தடத்துக்கு வேலையில்லாமல் தீ சீறிக்கொண்டு கிளம்பியது. செங்கமலம் அவரை முட்டித் தள்ளி வெளியேற்றி, வாசலில் நின்றபடியே பின்னங்கால்களால் மண்ணை வாரி வாரி உள்ளே வீசினாள். மெத்தை போயிற்று. போன் போயிற்று. கரடியாரின் நெஞ்சு முடியும் போயிற்று. பார்ப்பதற்குக் கொஞ்சம் இளமையாகக்கூட இருந்தார்.

மறுநாள், ஆறிப்போன மிச்சத்தை இரும்பு வாளியில் மணலோடு அள்ளி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். படிவத்தில் 'பழுதுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். நெடுநேரம் யோசித்து, 'சிகிச்சை பலனளிக்கவில்லை' என்று எழுதினார்.

ஆமையம்மாள் படித்துப் பார்த்தாள். சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டாள். "உங்க போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொல்லுங்க, பதிவு பண்ணிடலாம்."

"போன் வாளியில இருக்கும்மா."

"அப்ப வாளிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. கரடியாருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் இந்நேரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருப்பாள். கெட்டிக்காரத்தனத்தில் ஒரு துளி குறைந்திருந்தால் நாலு நாள்தான் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

அப்போது செங்கமலம் தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி தாவி வந்தாள். "அண்ணே! பொண்ணு பொறந்திருக்கு! பூவழகி பேசுறா!"

கரடியார் போனை வாங்கிக்கொண்டார். "உனக்கு இந்த நம்பர் எப்படிம்மா கிடைச்சுது?"

"கல்யாணமாகிப் புறப்பட்ட அன்னிக்கே செங்கமலம் அத்தைகிட்ட வாங்கிட்டேன்ப்பா. உங்க போனுக்கு என்னிக்காவது வைத்தியம் பார்ப்பீங்கன்னு தெரியும். அதான் முதல் போனே அத்தைக்கு அடிச்சேன்."

போனுக்குள்ளிருந்து ஒரு சின்ன அழுகை வந்தது. கரடியார் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். கண் நிறைந்தது.

"ஏம்மா, பாப்பாவுக்கு எங்கயாவது லேசா வீக்கம் இருக்குதா? இருந்தா உடனே..."

"அப்பா, நான் வச்சுடறேன்."

நீதி: தகப்பனார் வைத்தியம் தெரிந்தவர் என்றால், பக்கத்து வீட்டு நம்பரை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்.