‘சின்ன விஷயம்’ சாரும் என் அப்பாவின் பைபாஸும்

குறையே இல்லாத மனிதன் உலகத்தில் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் குறையே இல்லாத லீவு லெட்டர் உலகத்தில் கிடையாது என்பதை முப்பத்திரண்டு வருடம் தேனாம்பேட்டையில் உட்கார்ந்து நிரூபித்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ராஜினாமாக் கடிதத்தையே தேதி சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். திருத்தி எழுதச் சோம்பல்பட்டு, கடிதம் கொடுத்த ஆள் இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘சின்ன விஷயம்’ சார். லீவு செக்‌ஷனின் கண்காணிப்பாளர். நங்கநல்லூரிலிருந்து தினமும் ஒரு துணிப்பையோடு வருவார். உங்கள் மனுவைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தார் என்றால் உங்களுக்குக் குறைந்தது மூன்று நாள் அலைச்சல். மனுவில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டார். தப்பு இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் புள்ளியைத் தேடுவதற்கே சிலருக்குத் தனியாக ஒரு நாள் லீவு தேவைப்பட்டது.

அலுவலக உதவியாளர் ஏழுமலை ஒருமுறை வயிற்றுப்போக்கு என்று மூன்று நாள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு நாலாம் நாள் வேலைக்கு வந்தார்.

"ஒரு சின்ன விஷயம் ஏழுமலை. ஃபிட்னஸ் சர்டிபிகேட் எங்க?"

"இன்னா சார் அது?"

"உடம்பு சரியாயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும்."

"நின்னுபூட்ச்சின்னு எந்த டாக்டர் சார் எய்திக் குடுப்பாரு? நானே சொல்றேன், நின்னுபூட்ச்சு."

"நீ சொன்னா அது தகவல். டாக்டர் சொன்னாத்தான் சான்று."

அன்று முழுக்க ஏழுமலை லீவிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு சான்றிதழோடு வந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று சாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

கணக்குப் பிரிவு பாலாஜிக்குக் குழந்தை பிறந்தது. தகப்பன்மார்களுக்கான லீவுக்கு விண்ணப்பித்தவர், குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ‘இன்னும் வைக்கவில்லை’ என்று எழுதிவிட்டார்.

"ஒரு சின்ன விஷயம் பாலாஜி. இதை இப்படியே அனுப்பினா, தலைமையகத்துல குழந்தை பேரே ‘இன்னும் வைக்கவில்லை’ன்னு ஏத்திடுவாங்க. மெடிக்கல் கார்டும் அந்தப் பேர்லதான் வரும்."

பாலாஜி சிரித்தார். சார் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்துக் காட்டினார். அதில் நிஜமாகவே அந்தப் பெயர் அச்சாகியிருந்தது. அந்தக் குழந்தை இப்போது இன்ஜினியரிங் படிக்கிறதாம். பாலாஜி அங்கேயே நின்றபடி மனைவிக்குப் போன் போட்டு ஏழு நிமிடத்தில் பெயர் வைத்துவிட்டார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே ஆறு மாதமாகச் சண்டை போட்டு முடிவுக்கு வராத விவகாரம் அது.

ஊருக்குத்தான் உபதேசம் என்கிற ரகமும் இல்லை அவர். மகள் கல்யாணத்துக்காக ஒரு நாள் காலையில் நாலு நாள் லீவு கேட்டு மனு எழுதினார். மத்தியானம் அதைத் தானே சோதித்தார். சாயங்காலம், அழைப்பிதழ் இணைக்கவில்லை என்று தனக்குத்தானே திருப்பிக்கொண்டார். மறுநாள் தன் மேஜை மீது தானே ஒரு பத்திரிகையை, மூலையில் மஞ்சள் தடவி, வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் டிபன் வேளையில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியவள் நான்தான். என் முறை வரும் வரைக்கும்.

கச்சேரி ரோட்டில் தனியாக இருந்த என் அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலை மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுபத்தாறு வயது. அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று இடத்தில் அடைப்பு, திங்கட்கிழமை பைபாஸ் என்றார்கள். அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. நான் ஒரே பெண். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. என் லீவையெல்லாம் மகனுக்கு வந்த டெங்கு தின்று தீர்த்துவிட்டு ஒன்றரை நாளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. குடும்பத்தில் யாருக்காவது பெரிய சிகிச்சை என்றால் சம்பளத்தோடு பதினைந்து நாள் ‘குடும்பப் பராமரிப்பு விடுப்பு’ எங்கள் அலுவலகத்தில் உண்டு. அது கிடைத்தால் அப்பா பக்கத்தில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், நெஞ்சைப் பிளந்து தைத்த அப்பாவை முன்பின் தெரியாத ஓர் அட்டெண்டர் கையில் விட்டுவிட்டு நான் இங்கே வந்து கோப்பு பார்க்க வேண்டும்.

புதன்கிழமை ஒரு ஓட்டமாக அலுவலகம் வந்து போர்ட்டலைத் திறந்தேன். இப்போது மனுவெல்லாம் அதில்தான். ‘நோயாளி உங்களுக்கு என்ன உறவு’ என்ற இடத்தைத் தொட்டதும் ஒரு பட்டியல் விரிந்தது. கணவர், மகன், மகள், மாமனார், மாமியார். மேலே தேடினேன், கீழே தேடினேன். அப்பா இல்லை. கல்யாணமானவள் என்று தெரிந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் என்னை இன்னொரு தடவை கன்னிகாதானம் செய்து கொடுத்துவிட்டது.

பக்கத்து சீட் நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "மாமனார்னு போட்டுடு. அவரும் வயசானவரு, இவரும் வயசானவரு. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

இருந்த பதற்றத்தில் அது வேத வாக்காகத் தெரிந்தது. அப்படியே போட்டு, அப்பாவின் மருத்துவமனைக் காகிதங்களையும் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

பத்தே நிமிடத்தில் ஏழுமலை வந்து நின்றார். "மேடம், சின்ன விஷயம் கூப்ட்றாரு. மூஞ்சே சரியா இல்ல. பாத்துக்கினு பேசுங்க."

போனேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒரு சின்ன விஷயம் மேடம். உங்க மாமனாருக்குத் திங்கட்கிழமை பைபாஸ்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவரோட காரியத்துக்கு நாலு நாள் லீவு எடுத்திருக்கீங்க. நான்தான் பாஸ் பண்ணேன். நல்ல மனு. இறப்புச் சான்றிதழெல்லாம் ஒழுங்கா இணைச்சிருந்தீங்க."

சார் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்த நிலைமையில ஆபரேஷன் தாங்குவாரா மேடம்?"

கேலி செய்கிறாரா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்ததில்லை. பொய்த் தகவல் கொடுத்தால் சஸ்பென்ஷன் வரைக்கும் போகும் என்பது எனக்குத் தெரியும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் அழுகை ஜெயித்தது. அப்பா, மூன்று அடைப்பு, பட்டியலில் அவர் இல்லாதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சார் முதலில் மேஜை மேல் இருந்த கோப்புகளைப் பத்திரமாக நகர்த்தி வைத்தார். பிறகு தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"அந்த மனுவை நீங்களே வாபஸ் வாங்கிடுங்க. நான் இன்னும் அதைத் திறந்தே பார்க்கல."

முப்பத்திரண்டு வருட சர்வீஸில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவருடைய எலுமிச்சை சாதம் தொடப்படாமலே இருந்ததாம். பழுப்பேறிய விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார் என்றாள் நஸ்ரின். மூன்று மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"விதியில அப்பா இருக்காரு மேடம். கம்ப்யூட்டர்லதான் இல்ல. ‘சார்ந்து வாழும் பெற்றோர்’னு போட்டிருக்கு. கவனிச்சுக்க வேற யாரும் இல்லைன்னு ஒரு அதிகாரி நேர்ல விசாரிச்சு எழுதணும். காகிதத்துல புதுசா மனு எழுதி வையுங்க. நான் வர்றேன்."

வியாழக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும், சார் துணிப்பையோடு வார்டு வாசலில் நின்றார். அப்பாவுக்கு யாரென்று புரியவில்லை. லீவு செக்‌ஷன் என்று சொன்னதும் படுக்கையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "ஒரு ஆரஞ்சாவது சாப்பிடுங்க சார்" என்றார்.

"கேஸ் என் கையில இருக்கற வரைக்கும் உங்ககிட்ட எதுவும் சாப்பிடக் கூடாது" என்று மறுத்துவிட்டு சார் பென்சிலை எடுத்தார். "இந்தப் பொண்ணைத் தவிர வேற பிள்ளைங்க?"

"இல்ல சார். இவ ஒருத்திதான்."

"தத்து எடுத்தது?"

"இல்ல."

"இனிமே பிறக்க வாய்ப்பு?"

"சார், எனக்கு எழுபத்தாறு வயசு."

"இல்லைன்னு போட்டுக்கறேன்."

அப்பா சிரித்தார். நெஞ்சு வலி வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மானிட்டர் கத்தி, நர்ஸ் ஓடி வந்து, என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து அறுவை சிகிச்சை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் ஐந்து ஜூனியர்கள். அவரிடம் பேச எங்களுக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சார் நேராக அவர் முன்னால் போய் நின்று, டாக்டர் காலையில் எனக்குக் கொடுத்திருந்த சான்றிதழை நீட்டினார்.

"டாக்டர், ஒரு சின்ன விஷயம். கூட ஆள் இருக்கணும், ரெண்டு வாரம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு வாரம்னா பதினாலு நாளா, பத்து வேலை நாளா? எங்க தலைமையகம் பத்துன்னு எடுத்துக்கும்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் என்று வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் எந்தத் தேதியிலிருந்து என்று இல்லை. மறுபடி எழுதினார். அதில் பதிவு எண் இல்லை. மூன்றாவது தடவை எழுதி முடித்ததும் கொடுக்காமல், தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு நீட்டினார். ஐந்து ஜூனியர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன மாசம் நான் எழுதிக் கொடுத்த நாலு சர்டிபிகேட் திரும்பி வந்துச்சு" என்றார் டாக்டர். "நீங்கதானா அது?"

"ஆமாம் டாக்டர்" என்றார் சார், அடக்கமாக.

வெள்ளிக்கிழமை காலை தி.நகர் தலைமையகத்திலிருந்து அவருக்குப் போன். கல்யாணமான பெண்ணுக்கு அப்பா எப்படிக் குடும்பம் ஆவார், போர்ட்டலிலேயே இல்லையே என்று பொது மேலாளர் கேட்டாராம். பதினோரு மணிக்கு ஏழுமலை எனக்குப் போன் செய்தார்.

"மேடம், சார் கெளம்பிட்டாரு. ஆபீஸ் டைம்ல. ஒரு பேப்பர்ல என்னமோ எய்தினாரு, ஃபைலைப் பையில போட்டுக்கினு டி.நகர் போய்க்கினு கீறாரு. தபால்ல அனுப்புனா திங்கக்கிழமைக்குள்ள ஆவாதாம்."

அலுவலக நேரத்தில் அவர் வாசலைத் தாண்டிப் போனதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் அடையாற்றில் அப்பா படுக்கைக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆயிற்று. நாலு மணி ஆயிற்று. லீவு இல்லை என்றால் ஆளைப் பேசி வைக்க வேண்டும் என்று அட்டெண்டர் ஏஜென்சி எண்ணைக்கூட எழுதி வைத்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

எனக்கும் ஒரு படுக்கை போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"உத்தரவு ஆயிடுச்சு. பதினஞ்சு நாள், முழுச் சம்பளம். ஆனா ஆர்டர்ல உங்க இனிஷியலைத் தப்பா அடிச்சிருக்காங்க. திருத்தி வாங்கிட்டுத்தான் இங்கிருந்து கிளம்புவேன். நீங்க அப்பாவைப் பாருங்க."

அந்த அறையில் அவ்வளவு காற்று இருந்தது எனக்கு அதுவரைக்கும் தெரியவில்லை. மூச்சை இழுத்து விட்டேன். ஏஜென்சி எண்ணைக் கிழித்துப் போட்டேன். அப்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு நானும் இரண்டு பழம் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினைந்து நாளும் அப்பா கூடவே இருந்தேன். முதல் நாலு நாள் அவர் என் கையை விடவில்லை, அடுத்த பதினோரு நாள் காபியில் சர்க்கரை இல்லை என்று என்னை விடவில்லை. இப்போது மறுபடி குளத்தைச் சுற்றுகிறார், கொஞ்சம் மெதுவாக.

வேலைக்குத் திரும்பிய அன்று, உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட சார் கோப்பைத் திறந்து கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் எழுதிக்கொண்டு போன குறிப்பு மேலேயே இருந்தது. அலுவலகக் குறிப்புதான், வழக்கமான நடைதான்.

‘மனுதாரர் மணமானவர். திருமணத்தால் மகள் என்ற உறவு முடிவுக்கு வருவதாக நமது விதிகளில் எங்கும் காணப்படவில்லை. நோயாளியை நேரில் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மகள் எங்கே நிற்கிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார். விடுப்பு அனுமதிக்கலாம்.’

கையெழுத்து எங்கே போடுவது என்று எனக்குச் சற்று நேரம் தெரியவில்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பி யாருடைய மனுவையோ படித்துக்கொண்டிருந்தார்.

அவர் இந்தச் சித்திரையில் ஓய்வு பெற்றார். உடன்பிறந்தவர்கள் என்று கேட்கும் படிவங்களில் ‘யாரும் இல்லை’ என்றுதான் இப்போதும் எழுதுகிறேன். எழுதும்போது கொஞ்சம் பொய் சொல்வது போலத்தான் இருக்கிறது.