இரண்டாம் நம்பர் அறை விருந்தாளி

தன் வாழ்நாளிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான பதிலை லுத்ஃபி சொன்ன நாளில்தான் அவனுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

கேள்வி என்னவோ பழசுதான். கல்யாணமான நாள்முதல் ஸகியா வருஷம் தவறாமல் கேட்கிற கேள்வி. அன்றைக்கும் அடுப்படியில் காலைக்கு ரொஷி ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள்.

"இந்த வருஷமாவது என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்களா?"

"எங்க?"

"எங்கயாவது. ஒரு வாரம். நான் சமைக்காம, நான் பெருக்காம, யாரோ கொண்டுவந்து வைக்கிறதைச் சாப்பிட்டுக்கிட்டு, கடலைப் பாத்துக்கிட்டு."

போன வருஷம் 'சீசன் முடியட்டும்' என்று சொல்லித் தப்பித்தான். அதற்கு முந்தின வருஷம் 'மழை முடியட்டும்'. எங்கள் மாலத்தீவில் ஒன்று போனால் இன்னொன்று வரும். ஆக, சாக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்குப் புதுசாக ஒன்று தோன்றிவிட்டது.

"அடி பைத்தியமே, நாம இருக்கிறதே விடுமுறையிலதானே? ஜெர்மன்காரன் ஆயுசு பூரா உழைச்சு, மூணு விமானம் மாறி, வேகப்படகுல வாந்தி எடுத்துக்கிட்டு இங்க வந்து சேர்றான். எதுக்கு? நம்ம வாசல்ல வந்து நிக்கிறதுக்கு. அவன் கனவு காண்ற கடலைப் பாத்துக்கிட்டு நீ தினமும் பல்லு தேய்க்கிற. இதுக்கு மேல உன்னை எங்க கூட்டிட்டுப் போறது?"

ஸகியா ரொஷியைத் திருப்பிப் போட்டாள்.

"நியாயம்தான்," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு, படகு டிக்கெட் எடுக்க ஓடியிருப்பான். லுத்ஃபி மீசையைத் தடவிக்கொண்டான்.

அவனுடையது மூன்று அறைகள் உள்ள விருந்தினர் விடுதி. விடுதி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சொந்த வீட்டின் முன்பக்கம், அவ்வளவுதான். வேலையை இரண்டு பேரும் சமமாகப் பங்கு போட்டிருந்தார்கள் என்று லுத்ஃபி எல்லோரிடமும் சொல்வான். விருந்தாளிகளைப் படகுத்துறையில் வரவேற்பது, தோணியில் பவளப்பாறைக்குக் கூட்டிப்போய் ஆமை காட்டுவது, 'ஆஹா, ஓஹோ' என்று அவர்கள் சொல்கிற நன்றியை வாங்கிக்கொள்வது, இதெல்லாம் அவன் பங்கு. மிச்சம் ஸகியாவின் பங்கு. வாசலில் ஒரு பலகை வேறு மாட்டியிருந்தான். 'இந்த வீட்டில் விருந்தாளிக்கு முடியாது என்ற வார்த்தையே கிடையாது.' எழுதியவன் அவன். முடித்துக் கொடுக்கிறவள் அவள்.

அந்த வாரம் அறைகள் மூன்றும் காலி. வெள்ளிக்கிழமை படகில் ஒரு இத்தாலிக் குடும்பம் வருவதாக இருந்தது. அதுவரை கயிற்று நாற்காலியில் தொங்கிக்கொண்டு வெற்றிலை போடலாம் என்பது லுத்ஃபியின் திட்டம்.

அன்று மத்தியானம் பசித்தது. அடுப்படிக்குப் போனான். அடுப்பு சில்லென்று இருந்தது. தேடிக்கொண்டு முன்பக்கம் வந்தால், இரண்டாம் நம்பர் அறை வாசலில் ஸகியா உட்கார்ந்திருந்தாள். பெருநாளுக்குத் தைத்த உடுப்பு. பக்கத்தில் ஒரு பை.

"என்ன இது?"

"விடுமுறை."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீங்கதானே சொன்னீங்க, இதுக்கு மேல எங்கயும் போகவேண்டாம்னு. அதான் வந்துட்டேன். பயணம் சௌகரியமா இருந்துச்சு, வாந்தி எல்லாம் இல்ல." காலை நீட்டிக்கொண்டாள். "விருந்தாளி வந்தா முதல்ல இளநி குடுப்பீங்களே, ஓனர்?"

லுத்ஃபிக்குச் சிரிப்பு வந்தது. சரி, சாயங்காலம் வரைக்கும் தாங்குமா இந்த விளையாட்டு என்று இளநி வெட்டிக் கொடுத்தான்.

"துண்டு வைக்கலையே. அன்னப்பறவை மாதிரி மடிச்சுக் கட்டில்மேல வைக்கிறதாச்சே உங்க வீட்டு வழக்கம்."

மடித்துக்கொண்டு போய் வைத்தான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. கணவாயா?"

இதற்கு மேல் விட்டால் ஆகாது என்று லுத்ஃபி முடிவு கட்டினான். சண்டை போட்டால் தோற்பான், அது அனுபவத்தில் கண்டது. அதனால் தந்திரம். சாப்பாட்டை வாயில் வைக்க முடியாதபடி செய்தால் அவளே எழுந்து அடுப்படிக்கு ஓடி வந்துவிடுவாள். சூரை மீனை வெட்டி, தண்ணீரில் போட்டு, கை கொண்ட மட்டும் உப்பை அள்ளிப் போட்டுக் கருதியா என்று ஒன்றைக் காய்ச்சினான். எங்கள் ஊரில் கருதியா என்றால் பிள்ளை கூடக் குடிக்கும் தெளிந்த மீன் ரசம். இவன் வைத்தது கழுநீர் நிறத்தில் நுரைத்துக்கொண்டு நின்றது.

ஸகியா ஒரு வாய் குடித்தாள். முகம் மாறவே இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கு, ஓனர். கடலுக்குப் பக்கத்துல இருக்கோம்கிறது மறக்கவே இல்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

லுத்ஃபிக்கு உள்ளுக்குள் வெற்றி முரசு. "அடுப்படிக்கா?"

"ஷுக்ரி வீட்டுக்கு. அவங்க விடுதியில சாப்பாடு நல்லா இருக்குமாம்."

முரசு நின்றுபோயிற்று.

எங்கள் தீவில் திருடனாக இருந்தாலும் மன்னித்து விடுவார்கள். ஒரு வீட்டு விருந்தாளி பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் மட்டும் அந்த வீட்டுக்காரனை விடமாட்டார்கள். இருப்பதே ஒரு தெரு. அதன் இரண்டு பக்கமும் கயிற்று நாற்காலிகள். அவற்றில் வேலையில்லாத கண்கள். அடுத்த ரமலான் வரைக்கும் அதையே மென்று தீர்ப்பார்கள். அதிலும் போவது போட்டி விடுதி நடத்துகிற ஷுக்ரி வீட்டுக்கு. போகிற விருந்தாளி சொந்தப் பெண்டாட்டி.

வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஸகியா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேடம்," என்றான் லுத்ஃபி.

"சொல்லுங்க."

"ராத்திரிச் சாப்பாடு நல்லா இருக்கும். கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

மேடம் பெரிய மனசு பண்ணினாள்.

சொல்லியாயிற்று, செய்யத் தெரியவேண்டுமே? படகுத்துறைக்கு ஓடினான். அங்கே ஸகியாவின் தம்பி ஈஸா தோணியைக் கழுவிக்கொண்டிருந்தான். விடுதித் தோணியை ஓட்டுகிறவன் அவன்தான்.

"ஈஸா, கருதியா எப்படிடா வைக்கிறது?"

"என்ன பேபே இது, வீட்டுல தத்தா இருக்கும்போது என்னைக் கேக்கிறீங்க?" எங்கள் ஊரில் பேபே என்றால் அண்ணன், தத்தா என்றால் அக்கா.

"உன் அக்கா இப்ப விருந்தாளிடா."

"அப்ப விருந்தாளிகிட்டயே கேளுங்க. அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேக்கிறது நல்ல ஓனருக்கு அழகு." ஈஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை லுத்ஃபி அன்றைக்கே கவனித்திருக்கலாம்.

வேறு வழியில்லை. கயிற்று நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த மேடத்தின் முன்னால் போய் நின்றான்.

"மேடம், உங்க வீட்டுல கருதியா எப்படி வைப்பாங்க?"

"எங்க வீட்டுலயா? அதை ஏன் கேக்கிறீங்க. எங்க வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கமே வரமாட்டார். அவருக்கு ஊரெல்லாம் ஆமை காட்டுற வேலை, பாவம். நான்தான் வைப்பேன். தண்ணி நல்லாக் கொதிச்ச பிறகுதான் மீனைப் போடணும். உப்பு கை நிறைய இல்ல, விரல் நுனியில. நுரை கட்டும் பாருங்க, அதை விடாம எடுத்துக்கிட்டே இருக்கணும். நகரக் கூடாது. எடுக்க எடுக்கத்தான் தெளியும்."

லுத்ஃபி நகராமல் நின்று எடுத்தான். கண்ணெல்லாம் ஆவி. ஆனால் கருதியா தெளிந்தது. அடுத்த நாள் அதைவிடத் தெளிந்தது. தேங்காய் துருவி, மீனைப் பிசைந்து, எலுமிச்சை பிழிந்து காலைக்கு மஸ்ஹுனி வைத்தான். ரொஷி கூட வட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவன் மனசுக்குள் ஒரே ஒரு ஆறுதல். வெள்ளிக்கிழமை இத்தாலிக்காரர்கள் வருவார்கள். மூன்று அறையும் வேண்டும். மேடம் காலி பண்ணியே ஆகவேண்டும்.

"நாளைக்கு ஆனைத் திருக்கை பாக்கணும், ஓனர்," என்றாள் மேடம்.

"அந்தப் பக்கம் நீரோட்டம் ஜாஸ்தி. பக்கத்துப் பாறையிலயே நல்ல கிளிமீன் இருக்கு, மேடம்."

"அந்த நீரோட்டம் டீசல் விலையில இருந்துதான் வருதுன்னு எனக்குத் தெரியும். பலகையில என்ன எழுதியிருக்கு?"

போனார்கள். ஈஸா தோணியை ஓட்டினான். ஸகியா நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நீச்சல் அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயசில் அந்தத் துறையிலேயே மீனாகக் கிடந்தவள்தான். அதற்குப் பிறகு கல்யாணம், விடுதி, அடுப்பு. கடலை அவள் பார்த்ததெல்லாம் சட்டி கழுவுகிற ஜன்னல் வழியாகத்தான்.

கீழே நீலத்திலிருந்து ஒரு கறுப்பு நிழல் எழுந்து வந்தது. ஜமுக்காளத்தை விரித்தது போல, அத்தனை பெரிய ஆனைத் திருக்கை, அவசரமே இல்லாமல் அவளுக்கு அடியில் சிறகடித்துப் போய், திரும்பி, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு இன்னொரு தடவை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஸகியா தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"இதையா?" என்றாள். "இத்தனை வருஷமா இதையா கண்டவங்களுக்கெல்லாம் காட்டிட்டு வந்து, வீட்டுல 'ம், இன்னிக்கு ரெண்டு வந்துச்சு'ன்னு சொல்லிட்டுச் சோறு கேட்டீங்க?"

லுத்ஃபிக்கு வெட்கமாகிவிட்டது. நிஜமாகவே. உலகத்தில் பாதிப் பேருக்குக் காட்டியிருக்கிறோம், இவளுக்கு ஒரு நாள் காட்டத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டான். அந்த வெட்கத்தில் பாசம் பொங்கி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். திருக்கை எந்த ஓதத்துக்கு வரும், ஆமை எந்தப் பொந்தில் தூங்கும், விலாங்கு போன்ற அஞ்சாலை எங்கே தலையை நீட்டும், எந்தப் பக்கம் இறங்கினால் நீரோட்டமே ஏந்திக்கொண்டு போய் தோணியில் விடும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் அவன் சொல்வதற்கு முன்னால் அவளே ஆமையைக் காட்டினாள். நல்ல மாணவி என்று லுத்ஃபிக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா தொழுகை முடிந்ததும் படகும் வந்தது. தாய், தகப்பன், வளர்ந்த இரண்டு பெண்கள். ஸகியா காலையிலேயே பையைக் கட்டி அறையைக் காலி செய்து, பெருக்கி, கட்டிலில் அசல் அன்னப்பறவை ஒன்றை மடித்து வைத்துவிட்டாள். முணுமுணுப்பே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று லுத்ஃபி நினைத்துக்கொண்டான்.

மத்தியானச் சாப்பாடு மட்டும் காலையிலேயே அவன் வைத்ததுதான். இத்தாலிக்காரி கருதியாவை ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அரைகுறை இங்கிலீஷில் ஸகியாவின் கையைப் பிடித்துப் பாராட்டினாள்.

"ஐயோ, நான் இல்லீங்க," என்றாள் ஸகியா. "இவர் கைப்பக்குவம். இவரைப் போல நுரை எடுக்க இந்தத் தீவுலயே ஆள் கிடையாது."

அந்த இடத்திலாவது லுத்ஃபி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். புகழ்ச்சி என்றால் அவனுக்குத் தலைகால் புரியாது.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லை," என்றான் நெஞ்சை நிமிர்த்தி. "நகராம நிக்கணும், அவ்வளவுதான். எனக்கு இது விளையாட்டு மாதிரி."

"அப்படின்னா நாங்க இருக்கிற வரைக்கும் தினமும் நீங்களே சமைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள் இத்தாலிக்காரி.

லுத்ஃபி திரும்பி ஸகியாவைப் பார்த்தான். ஸகியா அவனைப் பார்க்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தாலிக்காரியும் சேர்ந்து பார்த்தாள்.

"தர்றேன்," என்றான் லுத்ஃபி.

மறுநாள் காலை தோணி கிளம்பியது. ஈஸா சுக்கானில். தோணிக் கூரையின் நிழலில், லுத்ஃபி வழக்கமாக உட்காருகிற இடத்தில் ஸகியா. கையில் கண்ணாடி. இத்தாலிக்காரப் பெண்களுக்கு ஆனைத் திருக்கை எப்படி வரும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் அதற்குள்ளேயே 'ஆஹா, ஓஹோ' சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

லுத்ஃபி கையில் நுரைக் கரண்டியோடு படகுத்துறை வரைக்கும் ஓடி வந்தான்.

"ஸகியா, நீரோட்டம் ஜாஸ்தி."

"தெரியும். அதான் டீசல் நிறையப் போட்டுக்கிட்டோம்."

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?"

"சீசன் முடியட்டும்," என்றாள்.

"அப்ப எனக்கு எப்பத்தான் விடுமுறை?"

ஸகியா தோணியில் எழுந்து நின்று, வாயில் கையைக் குவித்து, தெரு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நாற்காலிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என்ன ஓனர், நாம இருக்கிறதே விடுமுறையிலதானே?"