பஞ்சு வைத்த எதிராளி

கராத்தே வகுப்பிலிருந்து மனைவி கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்ணோடு வீடு திரும்பிய அன்றுதான் மெத்தைக்கடைக்காரர் அந்த முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் ஒன்று கராத்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் தான் இருக்க வேண்டும். முடிவை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் இரண்டில் எது மிஞ்சும் என்பதில் அவருக்கே சந்தேகம்.

அடிபட்டது அவளுக்கு. மானம் போனது இவருக்கு. மறுநாள் காலை வீக்கத்துக்கு மருந்து கேட்டுப் போனார். மருந்துக்கடைக்காரர் மருந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு முறைத்தார்.

“யாருக்கு?”

“வீட்டுல. கண்ணுல அடி.”

“அடின்னா... பட்டதா, குடுத்ததா?”

“ஐயையோ! கராத்தேல பட்டது சார்.”

“வழக்கமா கதவுல இடிச்சுக்கிட்டான்னுதான் சொல்லுவாங்க. நீங்க புதுசா சொல்றீங்க.”

அவருடைய கடையில் மெத்தை உறை தைக்கும் இரண்டு பெண்களும் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தார்கள். எதிர்வீட்டம்மா அவரைக் கண்டதும் ஜன்னலைச் சாத்தினாள். ஒரு கொசுவை அடிப்பதற்கு முன்னால்கூட இரண்டு முறை யோசிக்கிற மனிதர் அவர். அந்த வீட்டில் ஓங்கியிருந்த ஒரே கை மனைவியுடையது.

மாலையில் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏம்மா, உன் கண்ணுல குத்தினது யாரு?”

“யாரும் குத்தலைங்க. சண்டையெல்லாம் முடிஞ்சு, தலைக்கவசத்தைக் கழட்டி வெச்சுட்டுத் தண்ணி குடிச்சிட்டிருந்தேன். பக்கத்துல, எங்ககூடக் கத்துக்கிற கணக்கு டீச்சர் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறிச்சாங்க. முழங்கை நேரா இங்க வந்துருச்சு.”

“கொட்டாவிக்கே இந்த அடின்னா சண்டைக்கு?”

“சண்டையில படாதுங்க. தலைக்குக் கவசம், பல்லுக்கு உறை, கைக்கு உறை, முழங்காலுக்குக் கீழ அட்டை. தொட்டும் தொடாமலும்தான் அடிக்கணும். பலமா அடிச்சா மாஸ்டர் ஓரமா உக்கார வெச்சுடுவாங்க.”

“அதுக்கு நீ வீட்டுலயே உக்காரலாமே?”

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் என் கைப்பையை இழுத்துட்டு ஓடினானே, ஞாபகம் இருக்கா? பை போனதுக்கு நான் அழலைங்க. கத்தணும்னு வாயைத் திறந்தேன். சத்தமே வரலை. அதுக்குத்தான் போறேன். இப்போ வருது.”

“எங்க, கத்து பாப்போம்?” என்றார் அவர், விளையாட்டாக.

கத்தினாள். நாற்காலியில் இருந்தவர் தரையில் இருந்தார். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

“என்னம்மா, நான் வரட்டுமா? போலீஸைக் கூப்பிடட்டுமா?”

“ஒண்ணுமில்லக்கா! கத்திப் பாத்தேன்!”

“நல்லாக் கத்து. நான் இங்கதான் இருக்கேன்.”

இதற்குமேல் போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பயமும் போகவில்லை. கொட்டாவி முழங்கை இன்னொரு நாள் மூக்கில் விழுந்தால்? இரவெல்லாம் புரண்டவருக்கு, விடியும்போது தன் தொழிலே கைகொடுத்தது.

“உனக்கு நானே ஒரு பாதுகாப்பு உடுப்பு தைச்சுத் தரேன்” என்றார் காலையில்.

“நிஜமாவா! என் ராசா!” என்றாள் மனைவி.

திட்டம் இதுதான். உடுப்பில் அவள் காலைத் தூக்க முடியாத அளவுக்குப் பஞ்சை அடைப்பது. நாலு பேர் சிரிப்பார்கள். ரோஷக்காரி, இரண்டே நாளில் கராத்தேக்கு முழுக்குப் போட்டுவிடுவாள்.

பத்து நாள் தைத்தார். இருவர் படுக்கும் மெத்தைக்கான பஞ்சு ஓர் ஆளின் உடுப்புக்குள் போனது. மனைவி தினமும் மாலை கடைக்கு வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“தொடையில இன்னொரு அடுக்கு வைங்களேன்.”

“வெச்சுட்டாப் போச்சு!”

“வயித்துப் பக்கம் உள்ளளவு தாராளமா இருக்கட்டும். காத்து வரணும்ல?”

“விட்டுட்டாப் போச்சு!”

ஆடு தானாக வந்து கழுத்தை நீட்டுகிறதே என்று அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

சனிக்கிழமை உடுப்பைத் தானே தோளில் சுமந்து வகுப்பு நடக்கும் மாடி ஹாலுக்குப் போனார். மாஸ்டர் என்றதும் முறுக்கு மீசையோடு ஒருவரை எதிர்பார்த்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒரு பெண்மணி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள். கணக்கு டீச்சர் மட்டும் முன்னால் வந்து, “சார், உங்க வீட்டுக் கண்ணுக்கு ரொம்ப ஸாரி” என்றாள்.

மனைவி உடுப்பை மாட்டிக்கொண்டாள். இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் உருண்டு, மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி கைகால்களை ஆட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். மெத்தைக்கடைக்காரர் மகிழ்ச்சியை விழுங்கிக்கொண்டு, “அடடா, சரிப்பட்டு வரலையே” என்றார்.

மாஸ்டர் உடுப்பைச் சுற்றி வந்தாள். குத்தினாள். உதைத்தாள்.

“பிரமாதம் சார்! இதைத்தான் தேடிட்டிருந்தோம். நாங்க தொட்டுத் தொட்டுத்தானே பழகுறோம்? நிஜமாவே ஒருத்தன் வந்து பிடிச்சா முழு பலத்தோட அடிக்கணும். அப்படி அடிச்சுப் பழக ஆளே இல்லை. இதுக்குள்ள ஒருத்தர் நின்னா அவருக்கும் அடிபடாது, இவங்களுக்கும் கைகால் பிசகாது.”

“யாரு நிப்பாங்க?” என்றாள் கணக்கு டீச்சர்.

தரையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “எங்க வீட்டுக்காரரை மட்டும் கேக்காதீங்க மாஸ்டர். பாவம், ஊசின்னாலே பயப்படுவாரு.”

“யாரு பயப்படுறது?”

இப்படிக் கேட்டது யார் என்று மெத்தைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரேதான்.

மனைவியிடமிருந்து உடுப்பைக் கழற்றி அவருக்கு மாட்டி, தலைக்கவசமும் வைத்து, வார்களை இழுத்துக் கட்ட நான்கு பேர் ஓடிவந்தார்கள். காற்றுக்காக விட்ட இடத்தில் அவருடைய தொப்பை அச்சாகப் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ஆட்டின் கழுத்து யாருடையது என்றும் புரிந்தது. “வேண்டாம்” என்று சொல்வதற்குள் வாயில் புதிய பல் உறையைச் செருகிவிட்டார்கள். அவர் சொன்னது “ம்ம்ம்” என்று வெளியே வந்தது.

“ரெடியாம்” என்று மொழிபெயர்த்தாள் மனைவி.

அவள் தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். “அவங்க பையைப் பிடிச்சு இழுங்க சார்” என்றாள் மாஸ்டர்.

இழுத்தார். கத்தினாளே ஒரு கத்து! ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கூடவே வயிற்றில் ஒரு உதை. லாரியிலிருந்து இறக்கிப் போட்ட மெத்தை மாதிரி விழுந்தார்.

படுத்தபடியே தடவிப் பார்த்தார். வலிக்கவில்லை. ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. தலையைத் தூக்கினார். போன வருஷம் பையைப் பறிகொடுத்து வீட்டுக்கு வந்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவள், இப்போது காலை அகட்டி ஊன்றி, பையை மார்போடு பிடித்தபடி நின்றாள். கவசத்துக்குள் அவருக்குக் கண் கலங்கியது. வலியால் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்.

“அடிபட்டுச்சாங்க?”

பல் உறையைத் துப்பினார். “இல்ல. இன்னொரு தடவை கத்து.”

பிறகு கணக்கு டீச்சர் வந்தாள். நர்ஸ் வந்தாள். பஸ் ஓட்டும் அம்மா வந்தாள். மெத்தைக்கடைக்காரர் உயரம் ஐந்தரை அடி. அன்று வாங்கியது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

திரும்பும் வழியில் அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள்.

“எல்லாருக்கும் முழங்கைக்கு ஒரு உறை தைச்சுத் தரேன்” என்றார் அவர். “குறிப்பா அந்த டீச்சருக்கு.”

“தைங்க.”

“ஆனா நான் உள்ள நின்னது இன்னிக்கு ஒருநாள்தான்னு மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேல்ல?”

“ஒருநாளா? செவ்வாய், வியாழன், சனின்னு உங்க பேரை எழுதிக் குடுத்தாச்சுங்களே.”

“ஞாயித்துக்கிழமையாவது எனக்கு உண்டா?”

“ஞாயித்துக்கிழமை குழந்தைங்க வகுப்பு. அதுக்கும் வரணும். ஆனா பயப்படாதீங்க, அவங்க அடிக்கவே மாட்டாங்க.”

“அப்பாடா!”

“கடிப்பாங்க.”