ஹீலர் வேலை ரொம்ப சுலபம்

ஆன்லைன் போர் விளையாட்டுகளில் கற்றுத் தேறுவதற்கு மிகக் கடினமான பாத்திரம், மறைந்திருந்து கொல்லும் நிழல்வீரன் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பூமி தட்டை என்று நம்பியதற்குப் பிறகு மனித குலம் செய்த பெரும்பிழை இதுதான். நிழல்வீரனுக்கு என்ன வேலை? பதுங்க வேண்டும், முதுகில் குத்த வேண்டும், ஓடிவிட வேண்டும். எந்த அலுவலகத்திலும் இதைப் பயிற்சியில்லாமலே செய்கிறார்கள். மந்திரவாதிதான் கடினம் என்பார் சிலர். பொத்தானை அமுக்கினால் நெருப்பு வருகிறது; எங்கள் வீட்டு அடுப்பும் அதைத்தான் செய்கிறது. வில்லாளியோ 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியை நம்பிப் பிழைப்பவன். டேங்க் எனப்படும் கவசக்காரன் முன்னால் நின்று எல்லாருக்குமான அடியையும் தானே வாங்க வேண்டும். அதற்குக் கல்யாணமாகியிருந்தால் போதும். எங்கள் அணியில் நான்தான் டேங்க்.

உண்மையில் கடினமானது ஹீலர். அடிபட்டவர்களுக்கு உயிரேற்றும் வைத்தியர். மற்றவர்கள் எதிரே நிற்கும் அரக்கனைப் பார்த்தால் போதும். இவர் கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். மருந்தோ கொஞ்சம்தான். யாருக்குக் கொடுப்பது, யாரைச் சாகவிடுவது என்று கண் இமைப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். ஜெயித்தால் புகழ் நிழல்வீரனுக்கு. தோற்றால் பழி ஹீலருக்கு. எங்களிடம் வந்த ஹீலர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். நான் அவர்களைத் திட்டவில்லை. திருத்தினேன். பாடநூல் பதிப்பகத்தில் பிழை திருத்துவது என் தொழில். கை சும்மா இருக்காது.

இந்த அரிய உண்மையை வைத்து என் மனைவியை வீழ்த்தத் தீர்மானித்தேன்.

வாரத்தில் எனக்கென்று இருப்பது சனிக்கிழமை மதியம் ஒன்றுதான். அரக்கன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அவள் துணிக்கூடையோடு ஹாலுக்குள் வருவாள்.

"என்னங்க, அந்தப் பொம்மைச் சண்டை முடிஞ்சுதா?"

"பொம்மைச் சண்டையா? இது போர்த் தந்திரம்!"

"சரி, போரை நிறுத்திட்டு இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க. பிழியணும்."

பிழிந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நான் செத்துக் கிடந்தேன். இப்படியே போனால் மனுஷன் எப்படி முன்னேறுவது? ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"நீ ஒரு தடவ ஆடிப் பாரு. அப்பத் தெரியும் கஷ்டம்."

"ஆடிட்டா?"

"அரக்கன் சாகிற வரைக்கும் நீ சாகாம நின்னுட்டா, இனிமே சனிக்கிழமை மதியம் உன் இஷ்டம். நீ சொன்னதுதான் சட்டம். முடியலேன்னா அது எனக்கே சொந்தம். கூடையைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமே வரக் கூடாது."

அவள் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அதுல எது சுலபம்?"

நான் கூசாமல் சொன்னேன்: "ஹீலர். ரொம்ப சுலபம். பின்னால நின்னு பச்சைப் பொத்தானை அமுக்கணும். குழந்தைகூடச் செய்யும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

இந்த இடத்தில் என் மனைவியின் தொழிலை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கும் யாராவது நினைவுபடுத்தியிருக்கலாம். டாக்ஸி நிறுவனத்தில் வண்டி அனுப்பும் மேசையில் அவள் உட்காருகிறாள். காதில் ஹெட்செட். எதிரே திரையில் ஊர் வரைபடம். ஒரு பக்கம் கத்தும் டிரைவர்கள், மறுபக்கம் அவர்களைவிடக் கத்தும் பயணிகள். இருக்கிற வண்டிகளை யாருக்கு அனுப்புவது, யாரை மழையில் நிற்கவிடுவது என்று நாள் முழுக்க முடிவு செய்துகொண்டிருக்கிறாள். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தது சமயத்தில் நினைவுக்கு வருவதற்குப் பெயர்தான் புத்தி.

சனிக்கிழமை வந்தது. ஹாலில் என் கணினியில் நான் டேங்க். அவளுடைய தம்பி, அதாவது என் மைத்துனன், அவன் வீட்டிலிருந்து நிழல்வீரன். மாடி வீட்டுப் பல் டாக்டர் மந்திரவாதி. படுக்கையறையில் மடிக்கணினியோடு என் மனைவி. பனிக்குகைக்குள் நுழைந்தோம். அரக்கன் எழுந்தான். நான் வழக்கப்படி முன்னால் பாய்ந்தேன்.

"யார் யார் எங்க இருக்கீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றது ஹெட்செட்டில் ஒரு குரல். இருபது வருஷமாக நான் கேட்ட குரல் இல்லை அது. அலுவலகக் குரல்.

"அரக்கன் காலடியில இருக்கேன்! உயிர் போகுது! சீக்கிரம் அமுக்கு!"

"காத்திருங்க. டாக்டர், நீங்க?"

"தூண் பக்கத்துல, மேடம். பாதி உயிர் இருக்கு."

"இதோ அனுப்பறேன். அங்கேயே நில்லுங்க."

"பாதி இருக்கிறவருக்கு எதுக்கு? எனக்குக் கால்வாசிதான் இருக்கு!"

"கத்துறதுக்குத் தெம்பு இருக்கில்ல? அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீங்க. தம்பி, நீ எங்கடா?"

"பாறைக்குப் பின்னாடிக்கா."

"நான் சொல்ற வரைக்கும் அசையாத."

"நான்தான் இந்த அணிக்குத் தலைவன்!" என்றேன். அதுவே என் கடைசி வார்த்தை. அரக்கன் மிதித்தான். செத்துப்போனேன்.

செத்தவனும் பேசலாம் என்பது அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் காட்டிய கருணை. மருத்துவ நெறிமுறை பற்றிச் சுருக்கமாக ஆரம்பித்தேன்.

"செத்தவங்க லைன்ல இருக்க வேண்டாம்," என்று அவள் என் குரலை அணைத்துவிட்டாள்.

விடுவேனா? வயரில்லாத ஹெட்செட்டைக் கழற்றாமலே எழுந்து நேராகப் படுக்கையறை வாசலில் போய் நின்றேன்.

"என்னை எழுப்பு! ஹீலருக்கு ஒருத்தரை எழுப்புற சக்தி இருக்கு!"

அவள் திரும்பவில்லை. "தெரியும். ஒரே தடவைதான். டாக்டருக்கு வச்சிருக்கேன்."

"டாக்டர் உயிரோடதானே இருக்கார்!"

"அவர் செத்தா வேணும். நீங்க செத்துக் கிடந்தாத்தாங்க நல்லது. பாருங்க, உங்களைத் திங்கிறதுக்கு அது குனியுது. குனிஞ்சாத்தான் பிடரி தெரியுது. தம்பி, இப்பக் குத்து!"

"குத்திட்டேன்க்கா!"

"டாக்டர், நெருப்பு! என்னங்க, வாசல்ல நிக்காதீங்க, வெளிச்சத்தை மறைக்குது."

எத்தனையோ சனிக்கிழமைகளாக அந்த அரக்கன் குனிந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவன் குனிய ஒரு பிணம் வேண்டும். முன்னால் நிற்கும் டேங்க்கைக் காப்பதே ஹீலரின் தலையாய கடமை என்று வந்தவர்களுக்கெல்லாம் போதித்திருந்தேன். போர்வை பிழியப் போனபோது செத்தேன் என்றேனே, அப்போதெல்லாம் மற்றவர்களும் பயந்து ஓடிவிடுவார்கள்.

அரக்கன் விழுந்த சத்தத்தில் காதே அதிர்ந்தது. மாடியில் பல் டாக்டர் குதித்தது எங்கள் கூரை வழியாகக் கேட்டது.

"அக்கா, பிரமாதம்! அத்தானை வச்சு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு எங்களுக்குத் தோணவே இல்ல!"

"மேடம், அடுத்த வாரமும் வரணும். தலைமையும் நீங்களே ஏத்துக்கணும்."

"வரேன் டாக்டர். சனிக்கிழமை மதியம் இனிமே என் இஷ்டம்தானாம்." ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னது நெஜந்தாங்க. ரொம்ப சுலபமாத்தான் இருக்கு."

"அப்ப துணி?" என்றேன்.

"நான் சொன்னதுதான் சட்டம்னீங்களே," என்று கூடையை என் கையில் வைத்தாள். "வெள்ளையையும் கலரையும் சேர்த்துப் போட்டுடாதீங்க."

இப்போது ஹால் கணினியும் அவளுடையது; எனக்குப் படுக்கையறை மடிக்கணினி. பனிக்குகைக்குப் போகிற வாரங்களில் மட்டும் மைத்துனன் எனக்குப் போன் செய்கிறான்: "அத்தான், அரக்கன் வந்துட்டான். ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

போய்ச் செத்துவிட்டு வந்து, மீதித் துணியைக் காயப்போடுகிறேன்.