ஓ.டி.பி. தராத சம்பந்திக்கு

மீஞ்சூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அருணாச்சலம் அவர்களுக்கு, மீஞ்சூர் அரசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி குணசுந்தரி, தங்கள் மருமகள் நந்தினி, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பேத்தி, நான்கு பேரும் சுகம். தாங்கள் அனுப்பிய மிஷின் மட்டும் சுகமில்லை. திருவள்ளூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை மோகன்ராஜும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் தாங்கள் போனை எடுப்பதில்லை.

வாட்ஸப்பில் நான் அனுப்புவதையெல்லாம் தாங்கள் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கிவந்து எழுத உட்கார்ந்தேன். கவர் கொடுத்த பெண் விலாசத்தைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “திருவள்ளூருக்கா? பஸ் ஏறிப் போயி நேர்லயே சொல்லிட்டு வந்துடலாமே சார்?” என்றாள். போகலாம். போனால் எனக்கு வாய் நீண்டுவிடும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாய் நீளக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், கோடைக்காலம், பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிடக் கூடாது என்று, என் சக்திக்கு மீறி அந்த அறையில் ஏ.சி. போட்டேன். தாங்கள் பார்க்க வந்தீர்கள், ஆப்பிள் கொடுத்தீர்கள், அண்ணாந்து ஏ.சி.யைப் பார்த்தீர்கள். “ஏ.சி. காத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும் சம்பந்தி, குழந்தைக்கு மூக்கு காஞ்சிடும்” என்றீர்கள். அடுத்த வாரமே ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. பெட்டியில் ஹியூமிடிஃபையர் என்று போட்டிருந்தது. தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் அறைக்குள் புகை மாதிரி ஈரத்தை விடும். எங்கள் வீட்டில் அதற்குப் புகை மிஷின் என்றே பெயர் வந்துவிட்டது. சம்பந்தி, கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். மீஞ்சூரில் ஈரத்துக்குப் பஞ்சம் என்று தங்களுக்கு யார் சொன்னது? இந்த ஊரில் காலையில் பொரித்த அப்பளம் மத்தியானம் துணி மாதிரி தொங்கும், தீக்குச்சியை உரசினால் மருந்து உதிரும், உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரே அறைக்குள் ஏ.சி. ஈரத்தை உறிஞ்சி வெளியே பக்கெட்டில் சொட்டுகிறது, தங்கள் மிஷின் உள்ளே உட்கார்ந்து புது ஈரத்தை விடுகிறது, அதையும் ஏ.சி. உறிஞ்சுகிறது, பக்கெட் நிறைகிறது, அதை நான் தூக்கிக்கொண்டு போய் முருங்கைக்கு ஊற்றுகிறேன். மிஷினுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாதாம், உப்பு படியுமாம், சுத்தமான தண்ணீர்தான் வேண்டுமாம். எங்கள் பக்கத்தில்தான் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்கள். அது எங்களைத் தாண்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறது, நாங்கள் கேன் வாங்கிக் குடிக்கிறோம். அந்தக் கேன் தண்ணீரை மிஷினில் ஊற்றி அது கண்ணெதிரே புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, சம்பந்தி கொடுத்தது என்று.

அந்த மிஷின்தான் ஒரு நாள் காலையில் நின்றுவிட்டது. நான் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து போர்மேனாக ரிட்டையர் ஆனவன். பழுக்கக் காய்ந்த கம்பி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் மோட்டாரைக் கழற்றி மாட்டியவன். இந்தப் புகை மிஷினைத் திறந்தால் டீ ஆறுவதற்குள் கோளாறைச் சொல்லிவிடுவேன். ஆனால் அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று. வாரண்டி மட்டுமா போகும்? அரசப்பன் கைவைத்துக் கெடுத்துவிட்டான் என்ற பேச்சு தங்கள் ஊரையும் தாண்டிக் கடம்பத்தூர் வரை போகும். எனவே ஸ்குரூ டிரைவரைப் பரண்மேல் போட்டுவிட்டு கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண் குரல். என் பொறுமைக்கு நன்றி சொன்னது. அப்போது எனக்கு அது இருந்தது. “ரூம்ல ஏற்கெனவே ஈரம் போதுமான அளவு இருந்தா மெஷின் தானா நின்னுடும் சார், அது ரிப்பேர் இல்ல. கொஞ்சம் காய்ஞ்ச இடமா பாத்து வச்சு ஓட்டிப் பாருங்க” என்றது. மீஞ்சூரில் காய்ந்த இடத்துக்கு நான் எங்கே போவது? உச்சி வெயிலில் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்தேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த ஜெரால்ட், “இன்னா போர்மேன், வெயில்ல குந்திகினு இன்னாத்த பாத்துகினு கீற?” என்று கேட்டார். “காத்து காஞ்சிருக்குதான்னு பாக்கறேன்” என்றேன். “பாத்துகினே இரு, நீதான் காஞ்சிடுவ” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். மிஷின் அசையவில்லை. எனக்குத்தான் ராத்திரி ஜுரம் வந்தது.

பிறகு கும்மிடிப்பூண்டி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எலெக்ட்ரிக் டிரெயினில் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி முழுக்கக் கம்பெனி வேலைக்குப் போகிற கூட்டம், எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிரில் இருந்தவர், “இன்னாணா அது, ரைஸ் குக்கரா?” என்றார். “இல்லப்பா, ஊட்டு காத்துல ஈரம் சேக்கற மிஷினு” என்றேன். அவர் நெற்றி வேர்வையை விரலால் வழித்து உதறினார். “ஊரே வேர்த்து ஊத்திகினு கீது, இன்னும் இன்னாத்துக்குணா ஈரம்?” “எங்க சம்பந்தி வாங்கிக் குடுத்தாரு.” “அப்ப சரி” என்றார். அந்த ‘அப்ப சரி’க்குப் பெட்டியே சிரித்தது, கவரைப்பேட்டை தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மில்லில் என்னைக் கண்டால் பீடியை மறைத்தவர்கள் உண்டு சம்பந்தி, அங்கே நான் வேலைக்குப் போய்வந்த அதே தடத்து ரயிலில் இந்த மரியாதை.

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் சமீனா என்று ஒரு பெண். நல்ல பெண்தான், வாய் நிறைய அங்கிள் அங்கிள் என்றாள். மிஷினைக் கவிழ்த்தாள், டார்ச் அடித்துப் பார்த்தாள், “உள்ள ஈரம் போய்கீது அங்கிள். ஈரம் பட்டா வாரண்டி வராது” என்றாள். “இது ஈரம் விடற மிஷினும்மா” என்றேன். “வெளிய விடணும் அங்கிள், உள்ள விட்டுக்கக் கூடாது” என்றாள். எத்தனையோ மேனேஜர்களிடம் போனசுக்கு வாதாடியவன் நான், இதற்கு மிஷினை நிமிர்த்தி வைக்கத்தான் முடிந்தது. என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கும். “நான் மேல எழுதறேன். உங்க ஊட்டுக்கே இன்ஜினியர் வந்து, இது ஊட்டு ஈரமா மிஷின் ஈரமான்னு பாத்து ரிப்போர்ட் குடுப்பாரு. மிஷின் ஈரம்னா புது பார்ட்” என்றாள். அதாவது என் வீடு நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும்.

இன்ஜினியர் ரகு பொன்னேரியிலிருந்து பைக்கில் வந்தான். பையைத் திறந்தான், சாமான்களை வரிசையாக எடுத்து வைத்தான், கையைத் துடைத்துக்கொண்டான். “ஓ.டி.பி. சொல்லுங்க சார்” என்றான். “யாரு வாங்குனாங்களோ அவங்க நம்பருக்கு வந்துருக்கும். அத்த போட்டாத்தான் நான் ஸ்குருவுல கைய வைக்க முடியும்.” வாங்கியது தாங்கள். தங்களுக்குப் போன் செய்தேன். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது. ரகு டீ குடித்தான். ஓ.டி.பி. காலாவதி ஆயிற்று, வேறொன்று அனுப்பினான், அதுவும் ஆயிற்று. கடைசியில் சம்பந்தியம்மாவுக்குப் போட்டேன். “அவுரு ஓ.டி.பி.ய எனுக்கே சொல்ல மாட்டாருண்ணே. பேங்க்ல இருந்து இருந்து அப்டியே பழகிட்டாரு” என்றார்கள். கூட்டுறவு பேங்கில் கேஷியராக இருந்தவர் தாங்கள், ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஓ.டி.பி.யைச் சொன்னால் தங்கள் டெபாசிட்டா போய்விடும்? ஒரு ஸ்குரூ கழலும், அவ்வளவுதான். ரகு அதற்குப் பிறகும் வந்தான், பையைத் திறந்தான், டீ குடித்தான், பையை மூடினான். இப்போதெல்லாம் குணசுந்தரி அவனிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுகூட இல்லை.

இத்தனைக்கும் பதில் அனுப்பாத தங்களிடமிருந்து நேற்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது. ‘மெஷின் ரெடியாகும் வரை குழந்தையும் நந்தினியும் இங்கே வந்து இருக்கட்டும், வெள்ளிக்கிழமை நல்ல நாள், கார் அனுப்புகிறோம்.’ படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை சம்பந்தி. ஐந்தாம் மாதம்தான் அனுப்புவது என்று வளைகாப்பன்று பெரியவர்கள் எதிரில் பேசியது. இன்னும் மூன்றாம் மாதம்கூட நிறையவில்லை. எனக்கு இருப்பது ஒரே பெண். அவளைத் தங்கள் வீட்டுக்கு அனுப்பிய பிறகு இங்கே நானும் குணசுந்தரியும் டி.வி.யும்தான் இருந்தோம், அதிலும் டி.வி.தான் பேசிக்கொண்டிருந்தது. இப்போதுதான் கொடியில் சின்னச் சின்னத் துணி காய்கிறது, வீட்டில் வசம்பு வாசம் அடிக்கிறது. அதைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போக ஒரு பிளாஸ்டிக் மிஷினா காரணம்? மிஷினைக் கொடுத்தது தாங்கள், அது கெட்டுப்போனதைச் சாக்கு வைப்பது தாங்கள், அதைச் சரிசெய்ய விடாமல் ஓ.டி.பி.யை முடிந்து வைத்திருப்பதும் தாங்கள். இதற்குச் சதி என்று பெயர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், சம்பந்தி என்கிற மரியாதை இருக்கிறது. வேறு யாராவது இருந்தால் சொல்லியிருப்பேன்.

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். வியாழக்கிழமை காலையில் ரகு வருகிறான். அன்று ஒரு நாள், ஒரே ஒரு தடவை, போனை எடுத்து அந்த நம்பரைச் சொல்லுங்கள். மிஷின் ஓடினால் பிள்ளை இங்கே இருக்கும். என் கையில் இருப்பது இந்த ஒரு வழிதான், அதன் சாவி தங்கள் போனில் இருக்கிறது.

தங்கள் மூட்டுவலி குறையவும், சம்பந்தியம்மாவின் சர்க்கரை இறங்கவும், மாப்பிள்ளைக்கு பிரமோஷன் ஏறவும் பெரியபாளையத்து பவானி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் மனம் இறங்கவும் சேர்த்தே வேண்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் போனில் மிஸ்டு காலாகவே வாழ்ந்துவரும்,
அரசப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன், காரம் போதுமா என்று பார்க்க இதைச் சத்தமாக ஒரு தடவை படித்தேன். நந்தினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறை வாசற்படியில் நின்று முழுக்கக் கேட்டிருக்கிறாள். “மாமாவ திட்டாத நைனா. ஓ.டி.பி.ய குடுக்காதீங்கன்னு நான்தான் அவராண்ட சொன்னேன். அந்த மெசேஜ் கூட நான் சொல்லித்தான் போட்டாரு” என்றாள். ஏம்மா என்றேன். “எங்க ஊட்டுக்குப் போவணும் நைனா. நேரா கேட்டா நீ பேஜாராயிடுவ, அம்மா அழும். அதான்.” எங்க ஊடு என்று அவள் சொன்னது தங்கள் வீட்டை. கொத்தனாரோடு சண்டை போட்டு அவளுக்கென்று ஒரு அறை எடுத்தவன் நான், அந்த அறையின் வாசலில் நின்றுகொண்டுதான் சொன்னாள். இங்கே என்ன குறை என்று கேட்டேன். “கொறை ஒண்ணியும் இல்ல. நீ கஸ்டமர் கேர்ல கத்தற கத்துக்கு இது தூக்கத்துல திடுக்கு திடுக்குனு முழிச்சிக்குது. மிஷினு நின்னதுலேர்ந்து இத்த நீ ஒரு வாட்டி தூக்கினியா நைனா?” என்றாள். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஒரு மாதத்துக் கோபம் அது. தாங்களே படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். என்னிடம் இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டும் மருமகளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தீர்களே, அதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓ.டி.பி. வேண்டாம். ரகுவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரை மட்டும் இந்த வெள்ளி அனுப்பாமல் அடுத்த வெள்ளி அனுப்புங்கள், அதுவும் நல்ல நாள்தான், காலண்டரில் பார்த்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், பிள்ளை ஒரு கையில் இருக்கிறாள். கவரை ஒட்டக் குணசுந்தரியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இவள் விழித்துக்கொள்வாள். அவளாக இந்தப் பக்கம் வரும்வரை இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.