பதினொரு மெஷினும் ஒரு வாகை மரமும்

எங்கள் வீட்டில் மரம் என்று சொல்லிக்கொள்ள வாசலில் ஒரு வேம்பும், அடுக்களைக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடியும்தான் உண்டு. இந்த இரண்டையும் சமாளிக்க என்னிடம் மரம் அறுக்கும் மெஷின்கள் பதினொன்று இருந்தன. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கவேண்டியவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நானும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சங்கரன்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் பெயர் பலருக்குத் தெரியாது. 'மெடிக்கல்' என்றால் தெரியும். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நான் ஒரு மெஷினையும் கழற்றிப் பார்த்தவன் இல்லை. வீட்டு மிக்ஸி நின்றுபோனால் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிற ஆள். ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோன பிறகு, வேம்பின் ஒரு கிளை மாடிப்படியில் வந்து சாய்ந்தது. மரம் அறுக்கிறவரைக் கூப்பிட்டேன். "நாளைக்கு வாரேன்" என்றார். மூன்று வாரமும் அவருக்கு அதே 'நாளைக்கு'தான். அந்தக் கோபத்தில், வாசுதேவநல்லூரில் ஒரு தென்னந்தோப்பில் சும்மா கிடந்த பழைய மெஷின் ஒன்றை வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அது ஓடவில்லை. (ஓடியிருந்தால் கிளையை வெட்டிப் போட்டுவிட்டு மனுஷனாக வாழ்ந்திருப்பேன்.)

செல்போனில் வீடியோ பார்த்து அதன் கார்புரேட்டரைக் கழற்றினேன். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. மறுபடி கழற்றினேன். இப்போது ஒரு ஸ்குரு குறைந்தது. இப்படிப் பத்தொன்பது நாள். இருபதாம் நாள் கயிற்றை இழுத்ததும், அடிவயிற்றிலிருந்து இருமி, புகையைக் கக்கி, சீறிக்கொண்டு கிளம்பியது பாருங்கள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "நம்ம கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டுனப்பகூட இப்படி இல்ல" என்று என் மனைவி கோமதியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

கிளை? அதை மரம் அறுக்கிறவர் நான்கு நாள் முன்னாலேயே வந்து அறுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வியாதி என்றுதான் சொல்லவேண்டும். மருந்துக்கடைக்காரனுக்கு வந்த, மருந்தில்லாத வியாதி. சிவகிரியில் ஒரு மெஷின் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடையநல்லூரில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டு மச்சில், அரபு எழுத்து ஒட்டிய மெஷின் ஒன்று கிடைத்தது. (அங்கே பாலைவனத்தில் எந்த மரத்தை அறுத்தாரோ, நானும் கேட்கவில்லை.) முதலில் மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். பிறகு மாடிக் குளியலறை. பிறகு கோமதியின் சீர்ப் பாத்திரங்கள் இருந்த பரண். கடையில் ஒரு அம்மாள் காய்ச்சல் மாத்திரையை மோந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பெட்ரோல் வாடை அடிக்கி?" என்று திருப்பிக் கொடுத்தார்.

இதில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். என்னைப் பொறுத்தவரை மெஷின் 'ஓடும்' என்றால், பின்வாசலில் ஸ்டூலில் வைத்து இருபது தடவை இழுத்த பிறகு உறுமும் என்று அர்த்தம். அவ்வளவுதான். எந்த மெஷினாலும் நான் ஒரு மரத்தையும் அறுத்ததில்லை. உறுமியதும் மனம் நிறைந்துவிடும். அணைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றுவேன்.

அந்த உறுமலுக்கு ஒரே எதிரி எதிர்வீட்டுச் சிதம்பரம் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைப் பத்திரமாக வைத்திருந்தார். நான் கயிற்றை இழுத்து மெஷின் கிளம்பியதும் மாடியிலிருந்து ஒரு விசில் வரும். ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து. சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை, திட்டியதும் இல்லை. விசில் மட்டும்தான். நானும் நிறுத்திவிடுவேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி இழுப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடித்தபசு முடிந்த மறு சனிக்கிழமை, காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் சென்னையிலிருந்து வரவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாக முடிவானது. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

அன்று ஆடிக்காற்று பேயாக அடித்தது. மூன்று மணிக்கு, தெருமுனையில் நின்ற வாகை மரம் வேரோடு சாய்ந்து தெருவை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் வழி. மறுமுனை குளத்துக்கரையில் போய் முடியும். அமரர் ஊர்தி வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டி எங்கேயோ ரோட்டில் விழுந்த வேறொரு மரத்துக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மரம் அறுக்கிறவர் செல்போனை எடுக்கவில்லை. துட்டி வீட்டு வாசலில் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு யாரோ சொன்னார்கள்.

"ஏலே, நம்ம மெடிக்கல் வீட்டுல பதினோரு மெஷின் கெடக்குல்லா!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஐந்து வருடமாக என்னைக் கிறுக்கன் என்று நினைத்த ஊர், முதல் தடவையாக என்னை ஒரு ஆளாகப் பார்த்தது. அண்ணாச்சியின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நேரம் தப்பிரக்கூடாது. அம்மா மனசு கஷ்டப்படும்" என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் வேட்டியை மடித்துக் கட்டி, "ஒரு பத்து நிமிஷம். எடுத்துரலாம்" என்றேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் மூன்று மெஷின்களைத் தேர்ந்தெடுத்தேன். கோமதி வாசலில் நின்றாள்.

"ஒரு மரத்துக்கு எதுக்குங்க மூணு?"

"எது ஓடும்னு பாக்கணும்ல."

"பதினொண்ணும் ஓடும்னுல்லா சொன்னீய?"

மூன்றையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

முதல் மெஷின், வாசுதேவநல்லூர்க்காரன். என் மூத்த பிள்ளை. காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். ஒன்று, இரண்டு, பத்து. நாற்பது பேர் சுற்றி நின்று எண்ணினார்கள். பதினேழாவது இழுப்பில் கயிறு அறுந்து, நான் பின்னால் போய் வண்டிக்காக வைத்திருந்த மாலைகளின் மேல் உட்கார்ந்தேன். என்னைத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டியிருந்த ரோஜா இதழ்களை யாரோ தட்டிவிட்டார்கள்.

இரண்டாவது, சிவகிரி மெஷின். நான்காவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது! கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். நான் கம்பீரமாகப் போய் அடிமரத்தில் வைத்து அழுத்தினேன். புகை வந்தது. கருகல் வாடை வந்தது. மரத்தூள் மட்டும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். மரத்தில் பாலிஷ் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. துட்டிக்கு வந்திருந்த கறிக்கடை காதர் பாய், கத்தியோடு பிழைக்கிறவர், குனிந்து பார்த்துவிட்டு என் காதருகில் கத்தினார்.

"என்ன அண்ணாச்சி, பல்லு பூரா பின்னால பாத்துக்கிட்டிருக்கு?"

செயினைத் திருப்பி மாட்டியிருந்தேன். இரண்டு வருடமாக அது அப்படியேதான் இருந்திருக்கிறது. அறுத்துப் பார்த்தால்தானே தெரியும்!

மணி மூன்று ஐம்பது. மூன்றாவது, துபாய் மெஷின். இதைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும்: இதன் அணைக்கும் ஸ்விட்ச் வேலை செய்யாது. வீட்டில் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவேன். முழு டேங்க் இருந்தது என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஒரே இழுப்பு. கிளம்பிவிட்டது. கிளம்பியது மட்டுமில்லை, ஆக்சிலேட்டரும் மாட்டிக்கொண்டது. என் கையில் அது துள்ளிய துள்ளலில் நான் மரத்தை நோக்கிப் போகிறேனா, மரத்தை விட்டு விலகிப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கொட்டு அடிப்பவர்கள் கொட்டோடு ஓடினார்கள். சங்கு ஊதுகிறவர் யார் வீட்டுக்குள்ளேயோ நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஆப் பண்ணும்வே!" என்று ஒருவர் கத்தினார்.

"ஆப் ஆகாது!" என்று நான் கத்தினேன்.

"தண்ணிக்குள்ள போடும்வே!"

சாமியானாவுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. புத்தி கெட்டவன், அதை நோக்கி ஓடினேன். வழியில் சாமியானாவை இழுத்துக் கட்டியிருந்த கயிறு இருந்தது. அன்றைக்கு என் மெஷின்கள் உருப்படியாக அறுத்த ஒரே பொருள் அதுதான். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் அறுத்தது. சாமியானா ஒரு பக்கமாகச் சரிந்து, நாற்காலிகளில் இருந்த பெரியவர்களை மெதுவாக மூடியது. துணிக்கு அடியில் தலைகள் அசைவது தெரிந்தது. நான் மெஷினை டிரம்முக்குள் போட்டேன். அது தண்ணீரை நாலு பக்கமும் வாரி அடித்துவிட்டு, விக்கி நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வாசலில் அண்ணாச்சியின் மனைவி செல்லம்மா மதினி நின்றுகொண்டிருந்தார்கள். அழுது வீங்கிய முகம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதினி என்னைப் பார்த்தார்கள், சாமியானாவைப் பார்த்தார்கள், உள்ளே திரும்பிப் பார்த்தார்கள்.

"இம்புட்டுச் சத்தத்துக்கும் விசில் ஊதாம படுத்திருக்காகளே," என்றார்கள். "அப்ப நெசமாவே போயிட்டாக."

சொல்லிவிட்டு மதினி அழவும் செய்தார்கள், சிரிக்கவும் செய்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

மணி நாலு ஐந்து. யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அப்போது கோமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, வண்டி எந்தப் பக்கம் நிக்கு?"

"மரத்துக்கு அந்தப் பக்கம்."

"சுடுகாடு?"

"அதுவும் அந்தப் பக்கந்தான்."

"அப்ப மரத்தை எதுக்கு வெட்டணும்? அண்ணாச்சியத் தூக்கிட்டுப் போயி அங்கன ஏத்தினா ஆச்சு. வண்டி இங்கன வந்து என்ன செய்யப் போவுது?"

அங்கே நின்றிருந்த நாற்பது ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் உண்டு. கடைசியில் அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

காதர் பாய் வீட்டிலிருந்து அரிவாளைக் கொண்டுவந்து குறுக்கே நீட்டிய கிளைகளைக் கழித்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மரத்துக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டார்கள். உடம்பை இந்தப் பக்கமிருந்து வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க நான்கு பேர் அடிமரத்தில் ஏறி நிற்கவேண்டும். நான் யாரையும் கேட்காமல் ஏறினேன். அண்ணாச்சி என் கைக்கு வந்தார். அவ்வளவு உயரமான மனுஷர், அவ்வளவு லேசாக இருந்தார். ஐந்து வருடத்தில் நாங்கள் இவ்வளவு பக்கத்தில் நின்றதே இல்லை. அவர் விசில் ஊதுவார், நான் அணைப்பேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற மகனுக்குக் கேட்டுவிட்டது.

"விடுங்க மாமா. அப்பா இருந்திருந்தா இன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாக" என்றான்.

நாலு இருபத்தைந்துக்கு வண்டி கிளம்பியது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மெஷின்களை ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது மூன்றுதான் இருக்கின்றன. நான்கு. நாலாவது கோமதிக்குத் தெரியாது.

மெஷின்கள் போய்விட்டன, கோமதி கேட்ட கேள்வி போகவில்லை. கல்லூரி விண்ணப்பத்தை நான் நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதினால், "அப்பா, வண்டி எந்தப் பக்கம் நிக்கு?" என்பாள் என் மகள். ரேஷன் கார்டில் பெயர் மாற்ற யாராவது சுற்றி வளைத்து யோசனை சொன்னால், எங்கள் தெருவில் அவருக்கும் இதே கேள்விதான். போன பொங்கலுக்கு வந்த கோமதியின் தம்பி, கதையே தெரியாத தன் புது மனைவிக்கு அதைச் சொல்லிக் கொடுத்து, என்னிடமே கேட்க வைத்தான்.

போன வாரம் கடை ஷட்டரின் பூட்டு மாட்டிக்கொண்டது. சாவி உள்ளே போகிறது, திரும்பவில்லை. முட்டுக்குத்தி உட்கார்ந்து, ஸ்குரு டிரைவரால் அரைமணி நேரமாக அதை நோண்டிக்கொண்டிருந்தேன். செல்லம்மா மதினி பிரஷர் மாத்திரை வாங்க வந்து, நின்று பார்த்தார்கள்.

"தம்பி, இந்த ஸ்குரு டிரைவர் வீட்டுல இருந்து கொண்டாந்ததா?"

"இல்ல மதினி. கடைக்குள்ள இருந்துதான் எடுத்தேன்."

"எப்படி உள்ள போனீய?"

"பின்வாசல் வழியாத்தான்."

மதினி திரும்பி நடந்தார்கள். பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில், பூட்டிய ஷட்டருக்கு அந்தப் பக்கம் என் நாற்காலி கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"வண்டி இந்தப் பக்கந்தான் நிக்கு தம்பி," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "பிரஷர் மாத்திரை எந்தத் தட்டுல இருக்கு?"